அலமாரி உட்பட அனைவரும் நலம்

அன்பிலும் அறிவிலும் தாய்மாமனை அப்படியே உரித்து வைத்திருக்கும் என் மருமகள் பாப்பாவுக்கு, உன் மாமன் நிதானமாக உட்கார்ந்து எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, அலமாரி ஆகிய மூவரும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது சுகமாகிவிடுவாய், விஷயம் அப்படிப்பட்டது. போனில் சொல்லியிருக்கலாமே மாமா என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்லுவாள். கடிதத்தில் குறுக்கே பேச யாரால் முடியும்? எழுதி முடித்த பிறகு எழுத்துப்பிழை பார்க்க மட்டும் அவளிடம் கொடுப்பேன். என் எழுத்தில் பிழை இருக்கும் என்பதற்காக இல்லை, அவளுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

முதலில் தலைப்புச் செய்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவுடைய கார்கள் இருக்கும் நம் கண்ணாடி அலமாரி, நூலகத்துப் பெரிய கூடத்தில், மேடை போட்டு, மைக் வைத்து, ஊர் கூடி நிற்க, என் கையாலேயே திறக்கப்படுகிறது. இந்தச் செய்தி உன் அத்தைக்கே இன்னும் தெரியாது. கடைசி நிமிஷத்தில் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருக்கிறேன். நீ கட்டாயம் வர வேண்டும், முதல் வரிசையில் உட்கார வேண்டும். ஏன் திறக்கிறேன், எதற்காகத் திறக்க வேண்டிவந்தது என்பதை ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

உனக்குத் தெரியாததில்லை, பிஸ்கட் கம்பெனி வாசலில் முப்பது வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். உன் அத்தை இதை வாட்ச்மேன் என்று சொல்லுவாள். தொப்பியில் கோடு இருந்தால் அதிகாரிதான், என் தொப்பியில் இரண்டு கோடு இருந்தது, அதில் ஒன்று நானே போட்டுக்கொண்டது என்பது வேறு விஷயம். என் காலத்தில் அந்த வாசலைத் தாண்டி ஒரு பிஸ்கட் தூள்கூட வெளியே போனதில்லை. மேனேஜரின் டிபன் கேரியரையே ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தவன். 'உங்களை மாதிரி ஒரு ஆளு இருந்தா நாட்டுக்கே பூட்டு தேவையில்ல'ன்னு அவரே ஒருமுறை சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், இருந்தாலும் சொன்னார். அப்படிப்பட்டவனுக்கு ஓய்வு கொடுத்து, கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைத் திணித்து வீட்டுக்கு அனுப்பினால் அவன் என்ன செய்வான்? கண்ணும் கையும் சும்மா இருக்குமா? கடைக்குக் கிளம்பிய உன் அத்தையின் பையை வாசலில் நிறுத்திச் சோதித்தேன். 'வெளிய போகும்போது பையில என்னங்க இருக்கும்? காலியாத்தான் இருக்கும்'னு கத்தினாள். காலிப் பையைத்தான் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்பது இவளுக்கு எங்கே தெரியப்போகிறது. சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்து இருப்பு எடுத்தேன். பால் கொண்டுவருபவரை எங்கே பிறந்தவர், யார் அனுப்பினார் என்று விசாரித்தேன், அவர் அடுத்த நாளிலிருந்து பாலை எதிர்வீட்டில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். உன் அத்தை உன் அம்மாவுக்குப் போன் போட்டு, 'அண்ணி, உங்க தம்பிக்கு ஏதாவது வேலை பாத்துக் குடுங்க, இல்லன்னா எனக்குப் பாத்துக் குடுங்க'ன்னு அழுததும் உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் நீ வேலை கிடைத்து வெளியூர் கிளம்பினாய், உன் அப்பா கப்பல் வேலையில் துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்த இருபத்து மூன்று கார்களையும் துணியில் சுற்றிப் பெட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். நான் தெரியாத்தனமாக, 'இந்தப் பொம்மையெல்லாம் எதுக்கும்மா'ன்னு கேட்டுவிட்டேன். 'பொம்மை இல்ல மாமா. மாடல். எல்லாம் அச்சுல வார்த்த உலோகம். ஐம்பது அறுபது வருஷத்துப் பழசு'ன்னு நீ சொன்ன வேகத்தில் என் தொப்பியே பறந்துவிட்டது, அன்று தொப்பி போடவில்லை என்றாலும். இப்போது வேறு யாராவது வந்து பொம்மை என்று சொன்னால் நான் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தித் திருத்திய பிறகுதான் உள்ளே விடுகிறேன். அன்று நீ நாலு விஷயம் சொன்னாய்: வெயில் ஆகாது, தூசி ஆகாது, ஈரம் ஆகாது, விரல் படக்கூடாது. பிறகு, 'அதுக்காகப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிடாதீங்க மாமா. நாலு பேரு பாக்கணும்னுதான் அப்பா வாங்கினாரு. கண்ணாடி அலமாரில அழகா அடுக்கி வைங்க'ன்னு சொன்னாய். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைக் கேள்.

கூடத்தில் உன் அத்தையின் தையல் மிஷின் இருந்த இடத்தை அலமாரிக்கு ஒதுக்கினேன். மிஷின் பின்கட்டுக்குப் போனது, கூடவே அத்தையின் பேச்சும் கொஞ்ச நாள் பின்கட்டுக்குப் போனது. கார்களை மேல் தட்டில் சின்ன வண்டி, நடுத் தட்டில் பெரிய வண்டி, கீழ்த் தட்டில் லாரி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்று போக்குவரத்து விதிப்படி நிறுத்தினேன். டயர் வழுக்கி ஒன்றோடு ஒன்று இடித்துவிடக் கூடாதே என்று தட்டுக்குத் தட்டு பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டேன், சாப்பாட்டு மேஜையில் போடுவார்களே, அது. அடுத்தது வெயில். வெயிலில் ஒருவிதமான கதிர் இருக்கிறது பாப்பா, அது கண்ணாடி வழியாகப் புகுந்து பெயின்ட்டை உறிஞ்சிவிடும். நான் விஞ்ஞானத்தில் எட்டாம் வகுப்பிலேயே முதல் ஆள், அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லாததால் நானே நின்றுகொண்டேன். கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிற ஆளையே வரவழைத்தேன். 'வண்டிக்கு ஒட்டியிருக்கேன் சார். வண்டிங்களை உள்ள வச்சிருக்கிற அலமாரிக்கு இப்பத்தான் மொதத் தடவை'ன்னு அவனே மலைத்துப்போனான். ஒரு அடுக்கு போதும் என்றான். மூன்று அடுக்கு ஒட்டச் சொன்னேன். கொஞ்சம் இருட்டாகிவிட்டது, உண்மைதான், ஆனால் டார்ச் அடித்துக் கண்ணை வைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும். ஈரத்துக்கு உள்ளே ஒரு குண்டு பல்பு போட்டு இரவும் பகலும் எரியவிட்டேன். பூச்சி வரக் கூடாதே என்று மூலைக்கு ஒரு கைப்பிடி அந்துருண்டை. மொத்தத்தில் அந்தக் கார்கள் இருந்த சௌகரியத்தில் நான் என் ஆயுளில் இருந்ததில்லை.

அப்புறம் நீ லீவில் ஒருநாள் வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அந்துருண்டை வாசம் கலந்த ஒரு சூடு உன் முகத்தில் அடித்தது, நீ இரண்டடி பின்னால் போனாய். பிறகு உன் அப்பாவின் சிவப்பு வண்டியைத் தூக்கப் பார்த்தாய், கூடவே பிளாஸ்டிக் விரிப்பும் தூக்கிக்கொண்டு வந்தது. அப்படிக் கவ்விப் பிடித்திருந்தது டயர்! 'பாத்தியா பாப்பா, எவ்வளவு பிடிமானம்! மழை ரோட்டுல விட்டாலும் வழுக்காது'ன்னு சொன்னேன். உன் கண் கலங்கிவிட்டது. என் ஏற்பாட்டைப் பார்த்து இந்த அளவுக்கு உருகிப்போன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. மெதுவாக, 'மாமா, டயரும்...'ன்னு ஏதோ ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாய். நன்றி சொல்ல வந்து வார்த்தை கிடைக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் நீயும் அத்தையும் அலமாரியைத் துடைத்து மூடிப் பூட்டிச் சாவியைத் தட்டில் வைத்து நீட்டினீர்கள். 'பல்பைப் பிடுங்கிட்டோம் மாமா. இனிமே எதுவும் செய்யாதீங்க. திறக்கவே திறக்காதீங்க. யாரு கேட்டாலும்'ன்னு நீ சொன்னாய். அந்த வார்த்தை இருக்கிறதே, முப்பது வருஷத்தில் எந்த மேனேஜரும் எனக்கு அப்படி ஒரு உத்தரவு கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலம் உன் பையை உன்னைத் தூக்கவிடாமல் நானே பஸ் நிறுத்தம் வரை தோளில் சுமந்து வந்தேன். என்ன கனம்! 'என்ன பாப்பா, உள்ள செங்கல்லா?'ன்னு கேட்டேன். 'புக்கு மாமா. மெதுவா, மெதுவா... குலுக்காதீங்க'ன்னு கூடவே ஓடிவந்தாய். படிப்பை மதிக்கத் தெரிந்த பெண். வாசலைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் ஜிப்பைத் திறந்து பார்க்கக் கை துடித்தது. சொந்த மருமகள் பையையா சோதிப்பது என்று விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் சோதிக்காமல் வாசலைத் தாண்டவிட்ட ஒரே பை உன்னுடையதுதான். அதிலிருந்தே தெரிந்துகொள், உன்மேல் எனக்குள்ள பாசத்தை.

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு அலுமினியக் கடைக்காரரிடம் பசை துப்பாக்கி இரவல் வாங்கி அலமாரியின் இண்டு இடுக்கெல்லாம் அடைத்தேன், காற்றே போகாது, தூசி எங்கே போகும்? அதற்கு மேல் முன்பக்கம் ஒரு இரும்புக் கிராதி. மூன்று பூட்டு. முதல் சாவி என் இடுப்பில், இரண்டாவது சாவி என் தலையணை உறைக்குள், மூன்றாவது எங்கே என்று எனக்கே தெரியாது, பாதுகாப்பில் அதுதான் உச்ச நிலை. உன் அத்தைகூட அன்று வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியான ஒரு யோசனை சொன்னாள். 'சுவத்துல ஓதம் இருக்குங்க, அலமாரிய ஓரடி முன்னால தள்ளி வைங்க. பின்னால நான் கூட்டிப் பெருக்கிக்கறேன்'னாள். தள்ளி வைத்தேன். வாரம் தவறாமல் அலமாரிக்குப் பின்னால் போய் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள், அப்படி ஒரு சுத்தம். உன் கார்கள் வந்த பிறகு அவள் குணமே மாறிவிட்டது. நான் அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தானாகவே காப்பி வருகிறது. ரோட்டில் லாரி போகும்போது உள்ளே கார்கள் மெல்ல ஆடி உருளுகிற சத்தம் கேட்கும் பாரு, கடகடவென்று, அதற்கு ஈடான சங்கீதம் கிடையாது. டார்ச் அடித்தால் வரிசையாக நிழல் தெரியும். சில நாள் ஒன்று குறைகிற மாதிரி இருக்கும், மறுநாள் பார்த்தால் சரியாகிவிடும். வெளிச்சத்தின் விளையாட்டு. இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

நாலு பேர் பார்க்க வேண்டும் என்றாயே, நாலு பேர் என்ன, நாற்பது பேர் பார்க்கிறார்கள். சாயங்காலமானால் தெருவே நம் கூடத்தில். அலமாரியில் கறுப்பைத் தவிர வேறெதுவும் தெரியாது என்பது உண்மைதான், அதற்குத்தான் நான் இருக்கிறேன். பழைய ரேடியோவின் ஏரியலைக் குச்சியாக வைத்துக்கொண்டு இது முதல் தட்டு, இது இரண்டாம் தட்டு என்று தொட்டுத் தொட்டு விளக்குவேன். கண்ணால் பார்த்தால் ஒரு வண்டி ஒரு வண்டிதான் பாப்பா, சொல்லிக் கேட்டால் அது ஊர்வலம். அந்த ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தால் உள்ளே படுக்கை, படுக்கையில் நோயாளி, நோயாளிக்குக் காலில் கட்டு என்று சொன்னபோது ஒரு அம்மா 'ஐயோ பாவம், என்னாச்சாம்?'னு கேட்டே விட்டார். வெள்ளை வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தால் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பான். நீல வண்டி ஒன்று இருக்கிறது, அமுக்கினால் ஹாரன் அடிக்கும். நீல வண்டி நம்மிடம் இல்லை என்று நீ சொல்லுவாய். இருந்திருக்க வேண்டிய வண்டிதான் அது, உன் அப்பா அந்தத் துறைமுகத்தில் இறங்குவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்லுகிறேன். அந்தச் சிவப்பு வண்டிக்கு மட்டும் நான் எதுவும் சேர்ப்பதில்லை. நீ பிறந்த செய்தி கப்பலுக்கு எட்டிய அன்று, இயந்திர அறையில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்த உன் அப்பா, கரையில் இறங்கி முதலில் கண்ணில் பட்ட கடையில் வாங்கியது. அப்போதே அது பழசு, ஒரு பக்க விளக்கு அப்போதே இல்லை. அடியில் ஊசியால் ஒரே ஒரு எழுத்தைக் கீறினார், கோணல்மாணலாக. இங்கே உனக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வீட்டாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் வந்து வண்டியைத் திருப்பிக் காட்டினார். அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற பெயராகத் தேடினோம். இதை நான் சொல்லும்போது மட்டும் கூடத்தில் யாரும் இருமுவதுகூட இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நல்ல காரியத்தில்தான் மாடி வீட்டு ஆடிட்டர் குறுக்கே விழுந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே தலை வழுக்கையானவர். ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார்.

'முதல்ல இருபத்தி மூணுன்னீங்க. அப்புறம் முப்பதுன்னீங்க. இன்னைக்கு நாப்பத்தி ஒண்ணுங்கறீங்க. பூட்டின அலமாரிக்குள்ள எப்படி சார் எண்ணிக்கை கூடுது?'

'நீங்க கணக்கு பாத்தவரு சார், நான் வாசல் பாத்தவன். வண்டின்னா வந்துக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருக்கும்'னேன். கூடம் கைதட்டியது.

அவர் விடவில்லை. நீ அனுப்பிய உன் புது அறைப் படத்தை உன் அத்தை தன் போனில் கூடத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போயிருந்தாள். 'உங்க மருமக ரூம்லயும் ஷெல்ஃபுல இதே மாதிரி வரிசையா கார் இருக்கே, சார். சிவப்பு ஒண்ணுகூட இருக்கு'ன்னார். நான் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரே பார்வைதான் பார்த்தேன். 'போலி'ன்னேன். 'அசல் இங்க இருக்கு. பிரிவு தாங்காம அது மாதிரியே வாங்கி வச்சிருக்கு, குழந்தை மனசு. பெயின்ட்டைப் பாருங்க, நிறமே சரியில்ல. டயரைப் பாருங்க, ஏதோ சுரண்டின மாதிரி. நம்ம டயர் அப்படியா?'ன்னு கேட்டேன். பாப்பா, ஆசை இருக்க வேண்டியதுதான், ஆனால் இனிமேல் இந்த மாதிரி மட்டமான சரக்கை வாங்கி ஏமாறாதே. அசலைப் பழகிய கண்ணுக்கு அது உறுத்துகிறது.

ஆடிட்டர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல்படியில் நின்று திரும்பி, 'எல்லாம் சரி. உள்ள ஒண்ணுமே இல்லாம இருந்தா?'ன்னார்.

அலமாரியைச் சொன்னால்கூடப் பொறுப்பேன். அது என் வாசலைப் பற்றிச் சொன்ன வார்த்தை. நான் காவல் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பொருள் போயிருக்கும் என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே சொல்லுவதா? அங்கேயே, எல்லோர் முன்னாலும், 'ஞாயித்துக்கிழமை நூலகத்துல வச்சுத் திறக்கறேன். உள்ள நான் சொன்னது இல்லன்னா, அன்னையிலேருந்து இந்த வாயைத் திறக்க மாட்டேன்'னு சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த நூலகத்து அம்மா அப்போதே கூடத்தை ஒதுக்கிவிட்டார். நோட்டீசும் அடித்தாகிவிட்டது, உன் அத்தை கண்ணில் படாமல் நூலகத்திலேயே வைத்திருக்கிறேன்: 'கடலோடியின் நாற்பத்தொரு கார்கள்'. அதற்குக் கீழே என் பெயர், பெயருக்கு முன்னால் 'கார்க் காவலர்' என்று போட்டிருக்கிறார்கள், நான் சொல்லிக்கொடுத்துத்தான் போட்டார்கள். ஞாயிறு காலையில் நாலு ஆள் வந்து அலமாரியைக் கிராதியோடு அப்படியே வண்டியில் ஏற்றுகிறார்கள். பூட்டு வெட்டவும் கொல்லன் ஒருவனைச் சொல்லியிருக்கிறேன், மூன்றாவது சாவிக்காக. மேடையில் உன் அப்பாவைப் பற்றி நான்தான் பேசுகிறேன். சிவப்பு வண்டியைக் கையில் தூக்கி, அடியைத் திருப்பி, அந்த எழுத்தை மைக்குக்குக் கிட்டே காட்டப் போகிறேன். மைக்கில் எழுத்து தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆடிட்டருக்குத் தெரிந்தால் போதும்.

ஆகவே நீ சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடு. நல்ல உடையாக உடுத்திக்கொள், மேடைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவேன். உன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டிய நாள். அவர் இல்லாத குறையை நான் இரண்டு ஆள் சத்தத்தில் பேசி ஈடுகட்டுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, குடையை பஸ்சில் மறக்காதே, உன் அதிகாரியிடம் என் முப்பது வருஷ அனுபவத்தைப் பற்றிச் சொல்லி என் மரியாதையைத் தெரிவி. எந்த வாசலில் நுழைந்தாலும் தலை நிமிர்ந்து நுழைய வேண்டும், வெளியே வரும்போதும் அப்படியே வர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்,
கார்க் காவலர் (ஞாயிறு முதல்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் இப்போதே மறந்துவிடு. எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன் அல்லவா, உன் அத்தை படித்துக்கொண்டே வந்தவள் 'ஞாயிற்றுக்கிழமை' என்ற இடத்தில் நின்றாள். பிறகு ஆரம்பத்திலிருந்து திரும்பப் படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சிரித்தாள்.

'உங்க அலமாரில கார் இல்லைங்க'ன்னாள்.

'பின்ன என்ன இருக்கு?'

'என் நூல்கண்டு. பாபின் டப்பா. கத்தரிக்கோல் ரெண்டு. பின்பலகைல நாலே நாலு ஸ்க்ரூதான். எனக்கு வெள்ளை நூல் வேணும்னா கழட்டி எடுத்துக்கறேன், வேலை முடிஞ்சா திரும்ப வச்சுடறேன்.'

முன்பக்கம் மூன்று பூட்டு, பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. நான் அலமாரிக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன் பாப்பா. பின்னால் உட்காரலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

டயரும் பிளாஸ்டிக்கும் சூட்டில் ஒட்டினால் இரண்டும் உருகிவிடுமாமே, அந்துருண்டைப் புகை பெயின்ட்டுக்கு ஆகாதாமே. இதெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பாடமாக இருந்திருக்கும், என் தப்பில்லை. 'இன்னும் ஒரு மாசம் வச்சிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது அத்தை, ஆனா மாமாகிட்ட சொல்லிடாதீங்க, அவரு முகத்தைப் பாத்தீங்களா'ன்னு நீ சொன்னாயாம். 'எனக்கும் நிம்மதிங்க. நீங்க காலி அலமாரிக்குக் காவல் இருந்ததுலேருந்து என் பையை யாரும் சோதிக்கல. பால்காரரும் திரும்ப வந்துட்டாரு'ன்னு உன் அத்தை சொன்னாள். ஆக, முப்பது வருஷத்தில் என் வாசலைத் தாண்டிப் போன ஒரே சரக்கை நானே தோளில் தூக்கி, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய், குலுக்காமல் ஏற்றியும் விட்டிருக்கிறேன். கம்பெனிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், சுவர்க் கடிகாரத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

வேறு கடிதம் எழுத நேரமில்லை, ஐந்து பக்கம் வீணாகவும் கூடாது, அதனால் இதையே அனுப்புகிறேன். உன் அறைப் படத்தில் போலி என்று நான் கண்டுபிடித்தவை எல்லாம் அசல் என்று இதன்மூலம் அறிவிக்கிறேன். சனிக்கிழமை இருட்டுவதற்குள் அவற்றை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிடு, முன்வாசலில் ஆடிட்டர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ஸ்க்ரூ டிரைவரை உன் அத்தை எடுத்து வைத்துவிட்டாள். நாற்பத்தொன்றுக்குப் பதினெட்டு குறைகிறது, அதை நான் மேடையில் பார்த்துக்கொள்கிறேன். உண்மையில் இருபத்து மூன்றும் வர வேண்டும் என்றில்லை. ஆம்புலன்ஸ் வராவிட்டால் அது அவசர அழைப்புக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன், லாரி வராவிட்டால் சரக்கு இறக்கப் போயிருக்கிறது, அதையெல்லாம் வாயாலேயே ஓட்டிவிடுவேன். சிவப்பு வண்டியை மட்டும் மறந்துவிடாதே பாப்பா. அதற்கு என்னிடம் கதை இல்லை.

பின்வாசலில் நானே நிற்பேன். இந்த முறை பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுவேன்.